டில்லி ஒத்துக்கொண்ட மிரட்டல்

டில்லி என்னை மிரட்டவே இல்லை. மிரட்டினான் என்று நான் சொன்னது பொய்.

இதை முதலிலேயே உன்னிடம் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என் தம்பியின் சாவைச் சொல்லி உன் இரக்கத்தைச் சம்பாதித்துக்கொள்வேன்... அதுவும் ஒரு ஏமாற்றுதான்.

பாண்டி பஜாரில் வண்டி நிறுத்துகிற தகராறில் என் தம்பி பாஸ்கரைக் குத்திக் கொன்றவன் டில்லி. ஆயுள் தண்டனை. கூண்டில் நின்ற அந்த முகத்தை வழக்கு முடிவதற்குள் மனப்பாடம் செய்திருந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து அடையாறில் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். நன்னடத்தைக் கைதிகள் வேலை செய்யும் இடம் அது என்று எனக்குத் தெரியாது.

"மேடம், ஜீரோ பாத்துக்க."

நிமிர்ந்தேன். டில்லி.

ஹெல்மெட் போட்டிருந்த என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் ஏதோ கேலி பேச, "அட போ நைனா" என்று சிரித்தான். பாஸ்கர் இல்லாத ஊரில் இவன் வெயிலில் நின்று சிரிப்பானா?

காவலுக்கு இருந்த வார்டரிடம் நேராகப் போனேன். "இவன் கொன்னது என் தம்பியை சார். வெளிய வந்ததும் உன்னையும் விடமாட்டேன்னு இப்ப மிரட்டறான்."

வார்டர் அவனை அழைத்தார். "இன்னாடா, இந்தம்மாவ மிரட்டினியா?"

ஹெல்மெட்டைக் கழற்றினேன். கோர்ட்டில் பார்த்த முகம் என்று அடையாளம் தெரிந்து டில்லி என்னையே பார்த்தான். மறுப்பான் என்று காத்திருந்தேன். மறுத்தால் கத்துவதற்கு வார்த்தைகளும் தயாராக இருந்தன.

"ஆமா சார்," என்றான். "சொன்னேன். தப்புதான்."

அன்றே அவனைச் சிறைக்குள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளிவேலை போயிற்று. முன்கூட்டியே விடுதலை ஆக வேண்டியவன், இனி அது நடக்காது என்று வார்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். ஆறுதல்!

ஏன் ஒத்துக்கொண்டான்? எனக்குக் கொடுக்க அவனிடம் அதுதான் இருந்ததா? கைதியின் பேச்சை யார் நம்பப்போகிறார்கள் என்று விட்டுவிட்டானா? கேட்க எனக்கு வாய் இல்லை.

மேற்கு மாம்பலம் வீட்டில் அம்மாவிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன். பாஸ்கர் படத்துக்குப் பூ வைத்தாள். "இன்னிக்குத்தான்டி எனக்குச் சோறு இறங்கும்" என்றாள். அவளிடம் எப்படி உண்மையைச் சொல்வது?

நான் போய்ச் சொன்னால் அவன் மறுபடி வெளிவேலைக்கு வரலாம். ஒருமுறை சிறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்... பயந்துதான் திரும்பினேன் என்று நினைக்காதே. அவன் உள்ளேயே கிடக்கட்டும் என்று ஒரு மனம் இன்னும் சொல்கிறது. அந்த மனமும் என்னுடையதுதான்.