வாசல் இல்லாத ஏழு நாள்

வெம்பிளியில் ஒரு தேநீர்க் கடை. வடைத் தட்டைத் தள்ளிவிட்டு வரைபடத்தை விரிக்கிறேன். ஸ்கொட்லாந்தின் அரன் தீவு. கரையோரமாக ஒரு முழுச் சுற்று, ஏழு நாள், நான் மட்டும். தங்கும் அறைகளைப் பதிந்துவிட்டேன், நடைச் சப்பாத்தும் வாங்கிவிட்டேன்.

எதிரே இருக்கும் என் அண்ணை ஃபோனை நீட்டுகிறார். அதில் பதினாறு பேர் போகக்கூடிய ஒரு வான். பதிந்தாயிற்றாம்.

"நீ நட, ஆர் மறிச்சது? பின்னேரம் நீ வந்து சேருற இடத்தில நாங்கள் சோறு கறியோட நிப்பம்."

"நாங்கள் எண்டால்?"

"மச்சாள், பிள்ளையள், விம்பிள்டன் சித்தி ஆக்கள். ரைஸ் குக்கரும் வருது."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னுடைய லீவு, என்னுடைய கால். யாரைக் கேட்டுப் பதிந்தார்?

"தங்கச்சி, நீ தபால் குடுக்கிற ஆள். வேலையிலயும் நடை, லீவிலயும் நடையோ? விசரோ உனக்கு?"

"வேலையில நான் எங்க அண்ணை நடக்கிறன்? பதினெட்டு வருஷமா வாசலுக்கு வாசல் நிக்கிறன். அங்க ஒரு பக்கம் கடல், வாசலே இல்லை. ஒருத்தரும் எனக்காகப் பாத்துக்கொண்டு நிக்க மாட்டினம். அதுக்குத்தான் போறன். நீங்கள் நாளுக்கொரு வாசலைக் கொண்டுவந்து வைக்கிறியள்!"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். அண்ணை வடையைப் பிய்த்தபடி வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தீவின் வடகரையில் எண்ணெய் சொட்டுகிறது.

"சரி," என்கிறார் கடைசியில். "அப்ப ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாறம்."