என் பெயர் ஒட்டிய புட்டி

வேலப்பன்சாவடி பக்கம் ஒரு புற்றுநோய் வார்டில் பெட்பேன் எடுப்பது என் வேலை. நோயாளிகளுக்கு ஏற்றும் மருந்து அவர்கள் கழிவு வழியாக எங்கள் உடம்பிலும் சேர்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் கேட்டார்கள். மருந்து இருந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, மகளுடையதைக் கொடுத்தேன். ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது.

கூட வேலை செய்யும் கலா கர்ப்பமாக இருந்தாள். வேறு வார்டு கேட்டிருந்தவள், அன்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

"இத்தினி வருசமா கீற உனுக்கே ஒண்ணுமில்லக்கா. எனுக்கு இன்னா ஆவப்போவுது? இங்கயே இருக்கேன்னு சிஸ்டராண்ட சொல்லிட்டேன்."

அவள் கையிலிருந்த பெட்பேனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"நான் குடுத்தது என் பொண்ணோடதுடி."

கலா திட்டவில்லை. ஈரக் கையை வயிற்றில் வைக்கப் போனவள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

சிஸ்டரிடம் நானே போய்ச் சொன்னேன். வேலை போகவில்லை, வேறு புட்டி கொடுத்தார். பாதியில் நின்ற அந்தக் கைதான் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.