லிட்கம் மண்டபத்தின் அடிக்குரல்

இதை நான் எழுதுகிறேன் என்று தெரிந்தால் எமிலியானுஸ் ஆயுசுக்கும் என்னோடு பேசமாட்டான். இப்போதும் அவன் பெரிதாகப் பேசிக் கிழிப்பவன் இல்லை, அதனால் எனக்கு நட்டமும் இல்லை.

லிட்கத்தில் என் பொறுப்பில் இருக்கும் மண்டபத்தை ஆறு வருடமாகக் கூட்டித் துடைப்பவன் அவன். பேசாலைக்காரன். வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் நாலு வருடம் கிடந்தவன். அங்கே விசாரணையில் ஒரு சொல் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து பயந்து, வெளியே வந்த பிறகும் ஆங்கிலம் என்றால் வாய் பூட்டிக்கொள்ளும். வங்கியிலும் டொக்டரிடமும் அவனுக்காக நான்தான் கதைப்பேன். உனக்கு நாக்கு இல்லையா என்று எத்தனை நாள் ஏசியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த மண்டபத்தில் நாலு வெள்ளைக் கிழவர்கள் பாடிப் பழகுவார்கள். ஐம்பத்தேழாம் ஆண்டு, பள்ளிக்கூடப் பெடியங்களாக இருந்தபோது, ரேடியோவில் வந்த றொக் அன்ட் றோல் பாட்டுகளில் பைத்தியமாகிச் சேர்ந்த கூட்டம். வாத்தியம் கிடையாது. ஒருவர் பாட, மற்ற மூவரும் ‘டும் டும், டுவா’ என்று பின்னால் தாங்குவார்கள். எல்லாவற்றுக்கும் அடியில், நால்வரில் ஒருவரான கெவினின் கனத்த அடிக்குரல் ஓடும். போன வருடம் அவருக்குத் தொண்டையில் ஒப்பரேஷன். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. மற்ற மூவரும் விடாமல் பாடினார்கள், ஆனால் கேட்க ஏதோ பாதி வீடு கட்டினதுபோல் இருந்தது.

ஒருநாள் நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நிற்க, பாட்டு முழுசாகக் கேட்டது. கெவின்தான் என்று ஓடிவந்து பார்த்தால், நிலம் துடைக்கும் மொப்பைப் பிடித்தபடி பாடிக்கொண்டு நிற்கிறான் எமிலியானுஸ். கிழவர்கள் வாய் பிளந்து நின்றார்கள். களவில் பிடிபட்டவன்போல் விழித்தான் இவன். ஊரில் கோயில் கூத்தில் பிற்பாட்டுக்காரனாம். முன்னால் பாடுகிறவனைப் பின்னால் தாங்குவதுதான் வேலை, இதுவும் அதேதான், இதில் சொல்லே இல்லை, பிறகென்ன பயம் என்றான்.

கெவினின் எண்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு அவனைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். சிக்கல் என்னவென்றால், கெவினுக்குப் பிடித்த பாட்டில் ஒரு இடத்தில் மூவரும் நிறுத்திவிடுவார்கள். அடிக்குரல்காரன் தனியாக ஒரு வரி பாடவேண்டும். ஆங்கிலத்தில், சொல்லோடு. மூன்று வாரம் அவனோடு மல்லுக்கட்டினேன். அந்த இடம் வந்ததும் வாய் பூட்டிவிடும்.

“ஏலாது அக்கா. அந்த வரி வரேக்க விசாரணை மேசை கண்ணுக்கு முன்னால வந்து நிக்குது.”

அதற்குப் பிறகு எனக்கு ஏச மனம் வரவில்லை. என்றாலும் அவன் வாய் திறக்காவிட்டால் கெவினின் பாட்டு நடுவிலேயே நின்றுபோகும்.

பிறந்தநாள் வந்த சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்த சனம். கெவின் முன்கதிரையில் இருந்தார். பாட்டு அழகாக ஓடி, அந்த இடத்துக்கு வந்தது. மூவரும் நிறுத்தினார்கள். எமிலியானுஸின் உதடு நடுங்கியது, சத்தம் வரவில்லை. முருகா என்று நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

கெவின் எழும்பினார். மெல்ல மேடையடிக்குப் போய், இவன் முகத்தைப் பார்த்தபடி அந்த வரியைச் சொல்லத் தொடங்கினார். சத்தமில்லை, உதடு மட்டும். ஒவ்வொரு சொல்லாக. இவன் அந்த உதட்டையே பார்த்துப் பாடினான். ஐயோ, அது எப்படிப்பட்ட குரல். காலடியில் பலகை அதிர்ந்தது. சொல் ஒருவர் வாயில், சத்தம் இன்னொருவர் நெஞ்சில். அறுபத்தாறு வயதில் இப்படியொன்றை நான் கண்டதில்லை. கைதட்டவும் மறந்து நின்றேன்.

முடிந்த பிறகு ஒரு வெள்ளைக்காரி வந்து, புதுப் பாடகர் நீங்களா என்று அவனிடம் கேட்டாள். வழமைபோல நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி என்னை நிறுத்தினான். கெவினைக் காட்டி, ஆங்கிலத்தில், தானாகவே சொன்னான்:

“பாடினது அவர். நான் பின்னால நிண்டனான்.”