மஞ்சள் துண்டு ஆடிய ஜன்னல்

ரொட்டிக் கம்பெனியில் வேலை பார்த்ததால் அவருக்குப் பன்னு என்று பெயர். கம்பெனியை இழுத்து மூடிய பிறகும் பெயர் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டது. நாற்பதைத் தாண்டிய வயதில் லாரி ஓட்டப் பழகப் போனபோது, கூடப் பழகிய பொடிசுகள், "பன்னு அண்ணே, வண்டியை அடுப்புல வெச்சுடாதீங்க!" என்று ஓட்டினார்கள். மனுஷன் அதற்கும் சிரித்தார்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும்தான் தலைவலி ஆரம்பித்தது. முன்னே பின்னே ஓட்டாதவனுக்கு வேலை கிடையாதாம். வேலையே கொடுக்காவிட்டால் எங்கே போய் ஓட்டுவது? எந்த மகராசன் கண்டுபிடித்த நியாயமோ! நாயாய் அலைந்ததில் இரண்டே இடத்தில் சரி என்றார்கள்.

ஒன்று, ஊருக்குள்ளேயே ஜல்லியும் மண்ணும் அடிக்கிற சின்ன யார்டு. லாரிக் கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். உட்கார்ந்தால் சீட்டுக் கம்பி முதுகைக் குத்தியது. முதலாளி ஓர் அம்மாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிசு. "போன் உங்க பையிலயே இருக்கட்டும். வீட்ல ஏதாவதுன்னா வண்டியை ஓரங்கட்டிட்டு ஓடுங்க. ஜல்லிதானே, அழுகியா போயிடும்?" என்றார்.

இன்னொன்று, பைபாஸ் ரோட்டில் காய்கறி கொண்டுபோகிற பெரிய கம்பெனி. அடேயப்பா, வண்டிக்குள் ஏறினால் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் அங்கே ஒரு வழக்கம். கிளம்பும்போதே போனை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். வண்டி ஓடுகிறவரை டிரைவரிடம் வீட்டுச் செய்தி எதுவும் சொல்ல மாட்டார்கள். நல்லதோ கெட்டதோ, சரக்கை இறக்கிய பிறகுதான். "முன்னாடி ஒருத்தர்கிட்ட அவசரப்பட்டுச் சொல்லிட்டோம். வண்டியைப் பாலத்துச் சுவர்ல விட்டுட்டார்," என்றார் ஆபீஸ்காரர். பன்னு தலையை ஆட்டினார். "நல்ல வழக்கம்தாங்க," என்றுகூடச் சொன்னார். பாவி மனுஷன், தன் வாயாலேயே சொன்னார்.

வீட்டில் அவர் மனைவிக்கு இருதயம் பலவீனம். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். காற்று வருகிற ஒரே இடம் என்று சமையலறை ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருந்தார்கள். மாடி வீடு, கீழே பார்த்தால் பைபாஸ் ரோடு. கூடமாட ஒத்தாசைக்கு அவள் தங்கை வந்து தங்கியிருந்தாள்.

"ஜல்லி வண்டிக்கே போயிடறேன். நீ கூப்பிட்டா ஓடி வந்துடலாம்," என்றார் பன்னு.

"வேணாங்க. பெரிய வண்டிக்கே போங்க. இந்த ரோட்டு வழியாத்தானே போவீங்க? நான் பார்ப்பேன்ல."

"உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா?"

"பக்கத்துலயே இருந்து என் மூச்சை எண்ணிக்கிட்டு இருக்கப் போறீங்களா? உங்க மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பாதி வியாதி கூடிடுது. போங்க, போய் ஹாரன் அடிங்க. நான் துண்டை ஆட்டறேன்."

அவள் சொல்லி அவர் என்றைக்குத் தட்டியிருக்கிறார்? பெரிய கம்பெனியிலேயே சேர்ந்தார்.

அதன் பிறகு வீடு வந்ததும் இரண்டு ஹாரன் அடிப்பார். மாடி ஜன்னலில் மஞ்சள் துண்டு ஆடும். அவ்வளவுதான், அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம் அவருக்கு. ஒருநாள் துண்டு ஆட நேரமானதற்கு, திரும்பி வந்து, "தூங்கிட்டியா மகாராணி?" என்று கேட்டார். "துண்டு ஈரமா இருந்துச்சு, பிழிஞ்சு ஆட்டினேன்," என்றாள் அவள். அந்த வீட்டில் சிரிப்புக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை.

அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் ஹாரன் அடித்தார். துண்டு ஆடியது. வழக்கத்தைவிட வேகமாக, வண்டி திரும்பி மறைகிறவரை ஆடியது. 'இன்னிக்குத் தெம்பா இருக்காளே' என்று மனசு குளிர்ந்துபோய், வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினார்.

காய்கறிக் கிட்டங்கியில் சரக்கை இறக்கி முடித்ததும் கிட்டங்கிக்காரர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். டிரைவருக்கு யார் நாற்காலி போட்டிருக்கிறார்கள்?

"உங்க வீட்டம்மா தவறிட்டாங்க. வேற டிரைவர் வந்துட்டார், வண்டியை அவர் பார்த்துப்பார். உங்களுக்குக் கார் நிக்குது, கிளம்புங்க."

"எப்போ?"

"காலையில. நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துல."

பன்னு சிரித்தார். "இல்லைங்க, வேற யார் வீடோ. நான் வீட்டைத் தாண்டும்போது அவ துண்டு ஆட்டினா. என் கண்ணால பார்த்தேன்."

கிட்டங்கிக்காரர் அவர் தோளைப் பிடித்துக் கார்வரை கூட்டிப்போனார். காரில் ஏறிய பிறகும் பன்னு டிரைவரிடம் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சமையலறைக் கட்டில் காலி. மைத்துனி அந்த ஜன்னலுக்குக் கீழே சுருண்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் மஞ்சள் துண்டு.

"நான்தான் மாமா ஆட்டினேன்," என்று அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "ஆபீசுக்குச் சொல்லிட்டுப் போனை வைக்கறேன், உங்க ஹாரன் கேக்குது. அக்கா இங்கே இப்படிக் கிடக்கா. ஜன்னல் சும்மா இருந்தா நீங்க பயந்துடுவீங்களே, கையில அவ்வளவு பெரிய வண்டி இருக்கே..."

அவளைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகுதான் உடைந்தார்.

"பாடிக்கிட்டே போனேன்மா. அவ இங்கே கிடக்கா, நான் பாடிக்கிட்டே போயிருக்கேன்."

இப்போது அவர் ஜல்லி லாரிதான் ஓட்டுகிறார். கதவில் இன்னும் கயிறுதான். போன் சட்டைப் பையிலேயே இருக்கிறது. சாயங்காலமானால் மைத்துனி மட்டும் கூப்பிட்டு, "சாப்பிட்டீங்களா மாமா?" என்று கேட்பாள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், "ஆச்சும்மா," என்பார்.