இருபத்தாறு ஆணிகள்

சிவப்புத் தரையில் இரும்பு ஆணி உரசும் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசும். "கரக், கரக்" என்று வரும் அந்தச் சத்தத்தோடு ஈர ரப்பரின் வாடையும், மீன் கூடையின் கவிச்சியும், தரைக்குப் போடும் சிவப்பு மெழுகின் வாசமும் ஒன்றாகக் கிளம்பி வந்து என் முன்னால் நிற்கும். அப்போது நான் எழுபது தாண்டியவள் என்பதே மறந்து, ஒன்பது வயதுப் பெண்ணாய்க் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன்.

அவலாஞ்சிப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் என் அப்பா சவரிமுத்து "ஆத்து வாட்ச்சராக" இருந்தார். எஸ்டேட் எல்லையில் ஓடிய ஆற்றில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் உண்டு. அதை யாரும் திருட்டுத்தனமாகப் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும், ஞாயிற்றுக்கிழமை பெரிய துரை தூண்டில் போட வரும்போது கூடப் போவதும் அப்பாவின் வேலை. அதற்காக ஆற்றங்கரையிலேயே எங்களுக்குத் தனியாக ஓர் ஓட்டுவீடு கொடுத்திருந்தார்கள். தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் குழாயடியில் வரிசை நிற்கும்போது எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆறே ஓடியது. அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. அப்பாவுக்கோ அந்த ஆறுதான் எல்லாமும். எந்தக் கல் ஆடும், எந்த மடுவில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

ஒரு மழைக்காலத்தில் அப்பாவின் கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணாகிப் போனதைப் பார்த்துவிட்டு, துரை அவரைக் கூப்பிட்டு பங்களா கிடங்கில் கிடந்த மூன்று ஜோடி ஆற்று பூட்ஸைக் காட்டி, பிடித்ததை எடுத்துக்கொள் என்றார். நானும் கூடப் போயிருந்தேன். ஒரு ஜோடி இறகு மாதிரி லேசு, அடி வழவழவென்று இருந்தது. இன்னொன்றின் அடியில் கம்பளி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. மூன்றாவது கனத்துக் கிடந்தது. தொடை வரைக்கும் ரப்பர், அடியில் தடித்த தோல், அந்தத் தோலில் குமிழ்த் தலை வைத்த ஆணிகள். அப்பா அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் மடக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார், தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்து ஒழுகுகிறதா என்று பார்த்தார், தையலை நகத்தால் நெருடினார், கடைசியில் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு தொட்டியடிப் பாசிக்கல்லில் ஏறி நின்றார். லேசான பூட்ஸில் அவர் சறுக்கியதைப் பார்த்து பட்லர், "என்னய்யா சவரி, துரை ஊட்டு டான்ஸா ஆடற?" என்று சிரித்தார்.

அப்பா கனத்ததைத்தான் எடுத்துக்கொண்டார். வழியில் நான், "ஏப்பா இவ்வளவு கனத்தை எடுத்தீங்க? நடக்க முடியாதே" என்று கேட்டதற்கு, "ஆத்துல நடக்கறது பெரிசில்ல கண்ணு, நிக்கறதுதான் பெரிசு. இது நிக்கும்" என்றார். அதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குப் புரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அந்த பூட்ஸைக் காய வைப்பது என் பொறுப்பானது. உள்ளே பழைய பேப்பரைச் சுருட்டித் திணிக்க வேண்டும், தலைகீழாகக் கட்டித் தொங்கவிட வேண்டும், அடுப்புக்கு ரொம்பக் கிட்டப் போய்விடக் கூடாது, தோல் அடிக்கு மட்டும் கொழுப்பு தடவ வேண்டும். அப்போதெல்லாம் ஆணிகளை எண்ணுவேன். ஒரு காலுக்குப் பதின்மூன்று. இரண்டுக்கும் சேர்த்து இருபத்தாறு.

என் அம்மா லூர்து மேரிக்கு பங்களாவில் தரை துடைக்கும் வேலை. வராந்தா முழுக்கச் சிவப்புத் தரை, முகம் பார்க்கலாம். அந்தப் பளபளப்புக்கு அம்மா முழங்கால் போட்டு, மெழுகைப் பூசி, பாதித் தேங்காய் மட்டையால் இரண்டு மணி நேரம் தேய்ப்பாள். அவள் உள்ளங்கை ரேகையில் ஏறிய சிவப்பு பூசைக்குப் போகும்போதுகூடப் போகாது. முக்காடு போடுகிற சாக்கில் கையை மறைத்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் பிடித்து வந்ததும் துரை வராந்தாவில் உட்கார்ந்து, ஒவ்வொரு மீனாக அப்பாவைத் தூக்கிக் காட்டச் சொல்லி நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த பூட்ஸைக் கழற்ற வேண்டுமானால் இடுப்பு வாரை அவிழ்த்து, இரண்டு ஆள் பிடித்து இழுக்க வேண்டும். துரைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் அப்பா அப்படியே படியேறுவார். "கரக், கரக்." அவர் போன பிறகு தரையில் பூனை பிறாண்டியது மாதிரி வெள்ளைக் கீறல்கள் இருக்கும்.

"ஏம்மா லூர்து, உம் புருசன் தரையில உழவு ஓட்டிட்டுப் போயிருக்கான் பாரு. விதைய நீயே போட்டுரு" என்பார் பட்லர்.

அம்மா அங்கே குனிந்து தேய்த்துக்கொண்டே இருப்பாள். வீட்டுக்கு வந்துதான், "ஏனுங்க, உங்க குதிரைக் குளம்பைக் கொஞ்சம் வெளிய உட்டுப்போட்டு வரக்கூடாதுங்களா?" என்று அப்பாவிடம் பொருமுவாள். "தொரை கூப்பிட்டா ஒத்தைக்கால்லயா நிப்பேன்?" என்பார் அப்பா. மறுநாள் அம்மா திரும்ப முழங்கால் போடுவாள். ஒரு முறை அவள் முட்டி வீங்கி, மாடிப்படி இறங்க முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியதைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன்.

எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான்: மாட்டுக்கு லாடம் அடிப்பது ரோட்டில் குளம்பு தேயாமல் இருக்க. அப்படியென்றால் பூட்ஸுக்கு ஆணி அடித்ததும் ரோட்டில் தோல் தேயாமல் இருக்கத்தானே? அப்பா இதைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள்தானே நிற்கிறார், தண்ணீரில் என்ன தேய்ந்துவிடப் போகிறது? சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரம், ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோல் நன்றாக ஊறியிருந்ததால் ஆணிகள் பெரிதாக முரண்டு பிடிக்கவில்லை. ஆட்டி ஆட்டி, நேராக மேலே இழுத்தால் வந்துவிட்டன. இருபத்தாறையும் பவுடர் டப்பாவில் போட்டு விறகு அடுக்கின் சந்தில் வைத்தேன். ஓட்டைகளில் கொழுப்பை அப்பி மூடினேன். நாளைக்குத் தரையில் ஒரு கீறலும் விழாது, அம்மா ஆச்சரியப்படுவாள், அப்போது டப்பாவைக் காட்டலாம் என்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

காலையில் அப்பா விறகு எடுக்கப் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. வந்தவர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, என் தலையில் கையை வைத்து எடுத்தார். ஜீப் ஹாரன் சத்தம் கேட்டது. பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பூசை முடிந்து, நான் வழக்கம்போல் ப்ளாஸ்க்கும் ரொட்டிக் கூடையும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன்.

அன்றைக்கு அப்பா ஆற்றுக்குள் இறங்காமல் கரையோரச் சரளையிலேயே நின்றுகொண்டிருந்தார். பார்த்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை.

துரையின் தூண்டில் எதிர்க்கரை மடுவில் முழுகிக் கிடந்த மரக்கிளையில் மாட்டிக்கொண்டது. "சவரி! போய் எடு!" என்று கத்தினார். அப்பா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கினார். நான்கு அடி வைத்திருப்பார். எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்கிற மனிதர், வாழைத்தோலை மிதித்தவர் மாதிரி விழுந்தார். சத்தமே வரவில்லை. தலை தெரிந்தது, கை தெரிந்தது, அப்புறம் தண்ணீர்தான் தெரிந்தது. தொடை உயர பூட்ஸுக்குள் ஆறு புகுந்துவிட்டால் அது இரண்டு காலிலும் அம்மிக்கல்லைக் கட்டியது மாதிரிதான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் கையிலிருந்த ப்ளாஸ்க் விழுந்து உள்ளே கண்ணாடி நொறுங்கிய சத்தம் மட்டும் காதில் கேட்டது.

துரை தொப்பியோடு குதித்தார். கீழ்ப்பாறையில் இடித்துக்கொண்டு நின்ற அப்பாவைப் பிடித்து, கத்தியால் வாரை அறுத்து, கரைக்கு இழுத்துப் போட்டார். அப்பாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. உருவிப் போட்ட பூட்ஸைத் துரை புரட்டினார். தண்ணீர் கொழுப்பை அடித்துக்கொண்டு போயிருந்தது. பதின்மூன்று ஓட்டைகளும் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தன.

"ஆணி எங்கே? யார் எடுத்தான்?" என்று துரை இரைந்தார்.

அப்பாவுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. "நாந்தானுங் தொரை. ரோட்டுல சத்தம் போடுதுன்னு நாந்தானுங் புடுங்கிப்போட்டேன்" என்றார்.

நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். வாய் திறந்தது, குரல் வரவில்லை. பெண் கொஞ்சம் கூச்சப்படுவாள், நாலு பேர் முன்னால் பேச மாட்டாள் என்று என்னைச் சின்ன வயதிலிருந்தே சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு அடைத்த வாய் அப்புறம் சரியாகத் திறக்கவே இல்லை.

"நீ முட்டாள். ஆத்து வேலை இனி உனக்கு இல்லே" என்றார் துரை.

கால் கூடியது, கோணலாகக் கூடியது. ஆற்றங்கரை வீட்டைக் காலி செய்துவிட்டு லயத்துக்கு வந்தோம். ரிடையர் ஆகும் வரைக்கும் அப்பாவுக்கு ஃபேக்டரி விறகுக் கொட்டகையில் வேலை. ஆற்றுப் பக்கம் அவர் போய் நான் பார்க்கவில்லை. டப்பாவை நான் அப்பா விழுந்த அன்று சாயங்காலமே மடுவில் எறிந்துவிட்டேன். அம்மாவோ கடைசி வரைக்கும், "நீங்களே புடுங்கிப்போட்டு நீங்களே உளுந்தீங்க, கூடவே என்னையும் குழாயடியில கொண்டுவந்து நிறுத்திட்டீங்க" என்று அவரை விடவில்லை. அப்பா சிரிப்பார். தரையைக் காப்பாற்ற அம்மாதான் பிடுங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, அவளைக் காட்டிக் கொடுக்காமல் இருக்கிறார் என்று நான் நம்பினேன். இத்தனை வருடமும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் மகள் ஸ்டெல்லாவுக்கு ஓடைகளில் இறங்கி மீன் பிடித்து, அளந்து, எண்ணிவிட்டுத் திரும்ப விடுகிற வேலை. போன மாதம் ஒரு சாயங்காலம் போனில் பூட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பளி அடி வைத்ததில் ஒரு ஓடையின் நோய் இன்னொரு ஓடைக்குப் போய்விடுமாம், அதனால் வேண்டாமாம். வெறும் ரப்பர் அடியா, ஆணி வைத்ததா என்று தனக்குத் தானே பேசிக்கொண்டவள், "இந்த ஆணி நல்லா இருக்கும்மா. ஊட்டுக்கு வரும்போது திருகிக் கழட்டிக்கலாமாம், டைல்ஸ் கீறாது" என்றாள்.

"கழட்டாதே" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கழட்டவே கழட்டாதே ஸ்டெல்லா. உங்க அப்பிச்சி, எங்கப்பா காலை ஒடச்சது நாந்தான்." அறுபது வருடம் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

அவள் போனைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"இருபத்தாறு ஆணி. பவுடர் டப்பா. விறகுச் சந்து. அப்பிச்சி படுக்கையில கெடந்தப்ப எங்கிட்டச் சொன்னாரு. 'ஒண்ணுகூட ஒடையல, வளையல. ஒம்போது வயசுல உங்கம்மா கை அவ்வளவு சுத்தம்'னு சிரிச்சாரு. அவளா சொல்ற வரைக்கும் நீ கேக்காதேன்னாரு."

மடுவில் நான் எறிந்த டப்பாவை அவர் எங்கே பார்த்தார் என்று கேட்டேன்.

"விழுந்தப்புறம் பார்க்கலைம்மா. அன்னிக்குக் காலையில விறகு எடுக்கப் போனப்பவே பார்த்துட்டாரு. பூட்ஸையும் புரட்டிப் பார்த்திருக்காரு. அதுக்குள்ள தொரை ஹாரன் அடிச்சுட்டாராம். ஆணி இல்லைன்னு சொன்னா யாருன்னு கேப்பாங்க, அம்மிச்சி உன்னை வெளுத்துடுவாங்கன்னு, ஒரு நாள்தானே, கரையோரமாவே நின்னு சமாளிச்சுக்கலாம்னு போயிருக்காரு."

விழுந்தபின் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு என்னைக் காப்பாற்றினார் என்றால்கூட நான் தாங்கிக்கொள்வேன். தெரிந்தே இறங்கினாரா? அந்த நான்கு அடியையும், ஓட்டை விழுந்த தோலை மிதித்துக்கொண்டு, தெரிந்தே வைத்தாரா? இறங்கும் முன் திரும்பி என்னைப் பார்த்தது அதற்குத்தானா? அன்று ராத்திரி சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை.

பூட்ஸ் போன வாரம் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் நான்தான் முதலில் வாங்கிப் பார்த்தேன். மடக்கிப் பார்த்தேன், தையலை நெருடிப் பார்த்தேன், புரட்டி ஆணிகளை எண்ணினேன். கூடவே வந்த சின்னத் திருகுசாவியை எடுத்து என் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டேன். ஸ்டெல்லா இன்னும் அதைத் தேடவில்லை, தேடினாலும் கேட்க மாட்டாள் என்று நினைக்கிறேன். அந்த பங்களா இப்போது விருந்தினர் தங்குகிற இடமாகிவிட்டது. சிவப்புத் தரைக்கு மேலே வெள்ளைக் கல் பதித்துவிட்டார்களாம். எங்கள் ஆற்றங்கரை வீட்டின் அஸ்திவாரம்கூட இல்லை. அப்பாவும் இல்லை, கேட்பதற்கு.

நேற்று ஸ்டெல்லா ஓடையிலிருந்து திரும்பியவள், பசியில் பூட்ஸைக் கழற்றாமலே அடுப்படிக்கு வந்துவிட்டாள். "கரக், கரக்." பல் கூசியது. அவள் போன பிறகு குனிந்து பார்த்தேன். வாசலிலிருந்து அடுப்பு வரைக்கும் புது டைல்ஸில் கோடு கோடாய்க் கீறல். அதன்மேல் ஈரத்துணிகூடப் போடாமல் அப்படியே விட்டுவிட்டேன்.