நிற்பவர் கேட்க வேண்டும்

என் வீட்டுக்காரர் வார்டு கவுன்சிலராக இருந்தபோது, எங்கள் ஊர்க் காலனித் தெருவுக்குத் தார் ரோடு போடும் காண்ட்ராக்ட்டைத் தன் தங்கை புருஷனுக்கு வாங்கிக் கொடுத்தார். முதல் மழைக்கே ரோடு பெயர்ந்து வந்தது. பேப்பரில் ரோட்டின் படமும் வந்தது, பக்கத்திலேயே இவர் படமும் வந்தது. எல்லாம் எதிர்க்கட்சிக்காரன் வேலை என்றார். நெருப்பில்லாமல் புகையுமா என்று நான் கேட்கவில்லை. அவரிடம் எதையும் கேட்கும் வழக்கம் அப்போது எங்கள் வீட்டில் இல்லை.

அடுத்த தேர்தலுக்கு மறுபடி சீட் வாங்க அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. மாவட்டத் தலைவர் வீட்டுக்குச் செருப்புத் தேய நடந்தார். கடைசியில் தலைவர் ஒரு வழி சொன்னாராம்: உங்கள் பெயர் கெட்டுப்போச்சு, சம்சாரத்தை நிறுத்துங்கள், வேலையை நீங்களே பாருங்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். உக்கடத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கவும் சொல்லியாகிவிட்டது. நாத்தனார் போனில் வாழ்த்துச் சொன்ன பிறகுதான் வேட்பாளருக்கே விஷயம் தெரிந்தது.

மறுநாள் காலை, அவிநாசி தாண்டி இருக்கும் குலதெய்வக் கோயிலுக்குப் பூக் கேட்கப் போனோம். பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் எங்கள் பக்கத்தில் அம்மனைக் கேட்காமல் செய்வதில்லை. சிலைமேல் பூவை வைத்துவிட்டுக் காத்திருப்போம். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். அவர் கைகூப்பி, சீட் அமையுமா தாயே என்று ஆரம்பித்தார். பூசாரி பூவை வைக்கவே இல்லை.

"நிக்கறவங்கதானுங்க கேக்கோணும். அம்மணி கேக்கட்டுமுங்க," என்றார்.

சீட் அவசரத்தில் இவர் அந்த முறையையே மறந்திருந்தார். நான் முன்னால் போனேன். அம்மனைப் பார்த்ததும் எனக்கு அந்தக் காலனித் தெருதான் நினைவுக்கு வந்தது. அங்கே எந்த முகத்தோடு போய் ஓட்டுக் கேட்பது?

"பூ வெக்க வேண்டாமுங்க. எனக்கு நிக்கறதுக்கு இஷ்டமில்லீங்க," என்றேன்.

கோயில் என்றும் பார்க்காமல் கத்துவார் என்று பயந்தேன். அவர் வெளியே போய்த் தலைவருக்குப் போன் போட்டார். தலைவர் போட்ட சத்தம் பின்னாலேயே போய் நின்ற எனக்கே கேட்டது. இன்றைக்கு விட்டால் சீட் வேறு ஆளுக்குப் போய்விடும், பெண்டாட்டியை ஓர் அதட்டுப் போட உனக்குத் துப்பில்லையா என்றார்.

"அதட்டறதுக்கில்லீங்க. அவளைக் கேக்காமயே உங்ககிட்டச் சொல்லிப்போட்டேன். தப்பு என்மேலதானுங்க," என்று சொல்லிவிட்டு இவர் போனை வைத்தார்.

சீட் போனது. அதோடு அவருடைய அரசியலும் போனது. அந்த ரோட்டை நினைத்து அவர் வருத்தப்பட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை ஆசையையும் என் ஒரு வார்த்தைக்காக விட்டாரே, அதற்கு அவருக்கும், பூவை வைக்காமல் நின்ற அந்தப் பூசாரிக்கும் நான் நன்றியோடுதான் இருக்கிறேன்.

திரும்பும் வழியில் ஒரு பேக்கரி முன்னால் காரை நிறுத்தினார். எனக்கும் சேர்த்து டீ சொல்வதுதான் கல்யாணமான நாளிலிருந்து அவர் வழக்கம். அன்றைக்கு இறங்கப் போனவர் திரும்பி, எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். காபி என்றேன்.