பேட்டரி இறங்குகிற வண்டி

போன வாரம் எங்கள் கம்பெனி பஸ் வடமாலபேட்டையைத் தாண்டும்போது ரோட்டோரம் ஒரு குடும்பமே சேர்ந்து பழைய பெரிய வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. திருமலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். எல்லாருக்கும் மொட்டை, மொட்டையில் சந்தனம். ஒரு அம்மா ஒரு கையில் லட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தள்ளினார். தள்ளுகிற மாதிரி நடித்தார் என்றும் சொல்லலாம். முன்னால் ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்ததால் பஸ் நின்றது. டிரைவர் சாவியைத் திருப்பும் சத்தம் மெல்லக் கேட்டது. டிக்டிக்டிக்.

டிக் என்று ஒரே ஒரு சத்தம் வந்தால் ஸ்டார்ட்டரைச் சந்தேகப்பட வேண்டும். டிக்டிக்டிக் என்று வந்தால் பேட்டரியில் தெம்பில்லை, இல்லையென்றால் டெர்மினல் பூத்துப்போயிருக்கிறது. சுடுதண்ணீர் ஊற்றித் துடைத்து, எர்த்து ஒயரை முறுக்கி வைத்தாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். சொல்லலாம் என்று எழுந்தேன். ஏசி பஸ், ஜன்னல் திறக்காது. உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்ரீசிட்டியில் எனக்கு வண்டிகளுக்கான ஒயர்க்கட்டுகளைச் சோதிக்கிற வேலை. தங்கியிருப்பது திருப்பதியில், ஹாஸ்டலில். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து போனால் பாதி தூரம்தான். தினமும் இரண்டு வேளை எங்கள் ஊர் முனையைக் கடந்துதான் பஸ் போகிறது. நான் இறங்குவதில்லை. ஏன் என்று சொல்ல எங்கள் வீட்டில் இருந்த வண்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எஸ்யூவி என்ற பெயரெல்லாம் எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. பைக் சின்ன வண்டி, இது பெரிய வண்டி, அவ்வளவுதான். சித்தூரில் பதிவான வண்டி. அப்போது நாங்கள் சித்தூர் ஜில்லா; பிறகு ஜில்லாவைப் பிரித்து எங்களைத் திருப்பதியில் சேர்த்தார்கள். வீடு அதற்கு முன்பே பிரிந்துவிட்டது.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவும் சித்தப்பாவும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. நைனா நிலத்தைப் பார்த்துக்கொண்டார். சித்தப்பா பெரிய வண்டியில் திருப்பதி, காணிப்பாக்கம் என்று சவாரி போவார். வேறு வேலை அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. வண்டிக்குள் ஏறினால் முதலில் டீசல் மணக்கும். பிறகு யாரோ சீட்டில் விட்டுப்போன மல்லிகை. அதற்கும் அடியில், மாதத்தில் ஓரிரு நாள், கருவாடு.

கருவாடு நாயுடுபேட்டையிலிருந்து வந்தது. நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் பிறந்த அத்தை அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ரோடு போட எங்கள் நிலத்தில் ஒரு துண்டை அரசாங்கம் எடுத்துப் பணம் கொடுத்தபோது அத்தை தன் பங்கைக் கேட்டாள். சட்டப்படி கேட்டாள். அன்றிலிருந்து நைனா அவளுடன் பேசவில்லை. வீட்டில் யாரும் அங்கே போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

"நெல்லூர் சவாரி. எவனோ மூட்டை வெச்சிக்கினு வந்தான், எறங்கும்போது ரெண்டு குடுத்துட்டுப் போனான்" என்பார் சித்தப்பா. எல்லா நெல்லூர்ச் சவாரிக்காரர்களும் கருவாட்டு வியாபாரிகளாகவே இருந்தார்கள். அம்மா ஒன்றும் கேட்காமல் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைப்பாள். நைனாவும் ஒன்றும் கேட்காமல் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிடுவார். இப்படி ஒரு ஏற்பாட்டில் நாங்கள் நிம்மதியாகவே இருந்தோம்.

திருப்பதியில் நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ கடைசி வருடம் படித்தபோது வண்டி மக்கர் செய்யத் தொடங்கியது. இரண்டு மூன்று நாள் நிறுத்திவைத்தால் போதும், பேட்டரி இறங்கிவிடும். காலையில் தெருவே கூடித் தள்ளும். நைனா வாசலில் நின்று கத்துவார்.

"லைட்டப் போட்டுட்டுப் போய்ப் படுத்துக்கினியாடா? மாமனார் வூட்டு பேட்டரியா அது?"

"அணைச்சேன் அண்ணா."

"அணைச்சா எப்பிட்றா எறங்கும்? பேய் வந்து குடிச்சிட்டுப் போவுதா?"

தள்ள வந்தவர்கள் சிரிப்பார்கள். சித்தப்பாவும் சிரிப்பார், வேறு வழியில்லாமல். கொஞ்ச நாளில் அவர் ராத்திரி எழுந்துபோய் வண்டியை ஒரு சுற்று சுற்றி விளக்குகளைப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்தார். தன்மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

புத்தூர் மெக்கானிக் பேட்டரியை மாற்றினார். பிறகு ஸ்டார்ட்டரை. பிறகு ஆல்டர்னேட்டரைக் கழற்றி அப்படியே திரும்ப மாட்டினார். "வண்டி ஆஃப்ல இருக்கும்போது எவ்ளோ கரண்டு இழுக்குதுன்னு பாத்தீங்களாண்ணா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் சித்தப்பாவிடம், "ஏமி, மீ பாப்ப மெக்கானிக்கா?" என்றார், உங்கள் பெண் மெக்கானிக்கா என்று. அதற்கும் சித்தப்பா சிரித்தார்.

நைனா வண்டியை விற்றுவிடப் போவதாகச் சொன்ன பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மல்டிமீட்டரைச் சித்தப்பாவே எடுத்துக்கொண்டு வந்தார்.

"பாப்பா, வித்துட்டா நான் இன்னா பண்றது, உங்க நைனாவுக்கு ஏர் ஓட்டவா? நீயே பாரு. எவன் சிரிச்சாலும் சிரிக்கட்டும்."

நைனா வாசலில் நாற்காலி போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வுடும்மா. கை கருப்பாயிடும். இன்னொரு பேட்டரி வாங்கிட்டாப் போச்சு" என்றார். வண்டியை விற்கப்போகிறவர் எதற்குப் பேட்டரி வாங்க வேண்டும்? எனக்கு அப்போது தோன்றவில்லை. பெண்ணின் கை அழுக்காகக் கூடாதென்று சொல்கிறார், பாவம், என்றுதான் நினைத்தேன்.

எனக்கு வரிசை முக்கியம். முதலில் டெர்மினல், சுத்தமாக இருந்தது. அடுத்து எர்த்து, முறுக்காக இருந்தது. எஞ்சின் ஓடும்போது சார்ஜ் ஒழுங்காக ஏறியது. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோத்தேன். தூங்குகிற வண்டி ஐம்பது மில்லி ஆம்பியருக்குள் இழுக்கலாம். இது கால் ஆம்பியருக்கு மேல் இழுத்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எதைப் பிடுங்கும்போது மீட்டர் இறங்குகிறதோ அங்கே கோளாறு. கடைசி ஃபியூஸ் வரை பிடுங்கியும் மீட்டர் இறங்கவில்லை.

அப்படியென்றால் ஃபியூஸ் பெட்டிக்கே வராமல் பேட்டரியிலிருந்து நேராக ஒன்று போகிறது. தேடினேன். மெல்லிய சிவப்பு ஒயர். அதில் சுற்றியிருந்த டேப் வண்டிக் கம்பெனியுடையது இல்லை, கடையில் வாங்கியது, புதுசு, பளபளவென்று இருந்தது. சித்தப்பா ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து செல்போன் வெளிச்சம் அடித்தார். நான் பானெட்டுப் பக்கமிருந்து ஒயரை இழுத்தேன்.

"ஆடுது பாப்பா. இங்கதான் ஆடுது. இரு, கைக்கு வந்துட்ச்சி."

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருப்புப் பெட்டி. நீல விளக்கு மினுக்கியது. கூடவே ரிலே என்கிற ஒரு சின்ன சுவிட்ச், தொட்டால் சுட்டது. மாட்டியவர்கள் எந்த ஒயரையோ மாற்றிக் கொடுத்திருந்தார்கள். ராத்திரி பகலாக அது கரண்டைக் குடித்துக்கொண்டே இருந்தது. ஒயரைப் பிடுங்கினேன். மீட்டர் இறங்கியது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு வேறெதுவும் உறைக்கவில்லை.

"ஜிபிஎஸ்ஸு, சித்தப்பா. வண்டி எங்க போவுதுன்னு போன்ல காட்டும்."

"வாங்கும்போதே இருந்துதா?"

"இல்ல. டேப்பு புதுசு."

சித்தப்பா எழுந்து நைனாவைப் பார்த்தார். நைனா பேப்பரை மடித்தார்.

"இப்ப எல்லா வண்டிலயும் வெக்கறதுதான்."

"எங்கடா போறன்னு கேட்டா நான் சொல்ல மாட்டனா அண்ணா?"

"சொல்லுவ, நெல்லூருன்னு. போன மாசம் நாயுடுபேட்டைக்கு எத்தினி வாட்டிப் போன, நான் சொல்லட்டா?"

"அவ உன்கூடவும் பொறந்தவதான்." சித்தப்பாவின் குரல் உயரவில்லை. "போனது தெரிஞ்சிக்கினே கருவாட்டுக் கொழம்ப ஊத்தித் துன்ன. அது போவட்டும். லைட்ட அணைக்கல, லைட்ட அணைக்கலன்னு தெருவே சிரிக்கிற மாதிரித் திட்டினியே. நானே நம்பிட்டேன் அண்ணா."

அந்தப் பெட்டிதான் பேட்டரியைக் குடிக்கிறது என்று நைனாவுக்குத் தெரியாது. அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். அவரிடம் கேட்டதில்லை.

சித்தப்பா பெட்டியை நாற்காலியின் கைமேல் வைத்தார், அதன்மேல் சாவியை. வண்டி அதற்குப் பிறகு ஒரே திருப்பில் கிளம்பியது, எத்தனை நாள் நிறுத்திவைத்தாலும். ஓட்டத்தான் ஆள் இல்லை. அந்த மாதமே அடுப்பு இரண்டானது. வண்டியைத் திருப்பதியில் ஒரு பழைய வண்டி வியாபாரி எடுத்துக்கொண்டார். அது நின்ற இடத்தின் நடுவே, வாசலை இரண்டாக்கிச் சுவர் எழுந்தது. தன் பாதியைப் பூட்டிவிட்டுச் சித்தப்பா நாயுடுபேட்டைக்கே குடிபோனார். அத்தை வீட்டுக்கு அடுத்த தெரு. அங்கே ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் கருவாடு மணந்து வருடங்கள் ஆகின்றன. கடையில் விற்கிறது. அம்மா வாங்குவதில்லை.

போன மாதம் ஒரு நல்ல நாளுக்காக வீட்டுக்குப் போயிருந்தபோது நைனா போனை நீட்டினார். "ஸ்டக் ஆயிக்கினே கீது, பாரும்மா." வேண்டாததையெல்லாம் நீக்கிக்கொண்டே வந்தேன். அந்த ஜிபிஎஸ் ஆப்பும் இருந்தது. திறந்தேன். நான் ஒயரைப் பிடுங்கிய காலையோடு அது உறைந்திருந்தது. மேலேயிருந்து எடுத்த படத்தில் எங்கள் வீடு, வாசல், வாசலில் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி வண்டி.

"இத எடுத்துடட்டா நைனா?"

அவர் போனை வாங்கிக் கண்ணருகே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது கெடக்கட்டும் வுடு."

பழைய படம். அதில் சுவர் இல்லை.